கதைத்துவிட்டு வாசிப்போம்

(சபையின் 25ஆவது ஆண்டு நிறைவு விழாவில் இசைக்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இத்தனை ஆண்டுகளாக நான் உங்களைக் கீபோர்ட்டுக்குப் பின்னால் இருந்துதான் பார்த்திருக்கிறேன். ஒலிவாங்கியின் முன்னால் நிற்பது எனக்குப் பழக்கமில்லை. இசைக்குழுவைப் பற்றிப் பேச வேண்டும் என்று போதகர் ஐயா கேட்டபோது, எந்த ஆண்டு எந்த வாத்தியம் வாங்கினோம், யார் யார் வாசித்தார்கள் என்று ஒரு பட்டியலை வாசித்துவிட்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பட்டியல் ஆண்டறிக்கையில் இருக்கிறது. அங்கே வாசித்துக்கொள்ளுங்கள்.

நான் இன்று பேச வந்தது ஒரு பிழையைப் பற்றி. அது என் பிழை. அதைத் திருத்தியது பெரிய சங்கீதப் படிப்பு ஒன்றும் அல்ல. வாத்தியம் வாசிப்பவர்கள் தங்களுக்குள் உட்கார்ந்து கதைத்த கதைதான் அதைத் திருத்தியது.

2018ஆம் ஆண்டு நத்தாருக்கு முன் நடந்தது இது. ஏழாம் வகுப்பில் படித்த ஒரு பிள்ளை, பாடசாலையில் கொடுத்த கிளாரினெற்றைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு சனிக்கிழமைப் பழகலுக்கு வந்தாள். அவளிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றாள், அதனால் சொல்லவில்லை. “அங்கிள், நானும் நத்தாருக்கு வாசிக்கலாமோ?” என்று கேட்டாள். எனக்கு மிகுந்த சந்தோஷம். பாட்டின் சுரங்களை சி, டி, ஈ என்று எழுத்துகளில் எழுதிய ஒரு தாளைக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை வந்து வாசித்தாள். கீபோர்ட்டோடு கொஞ்சமும் சேரவில்லை. பாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: “பிள்ளை, சுருதி சேரேல்லை. வீட்டில வடிவாப் பழகிக்கொண்டு வாரும்.”

அவள் “ஓம் அங்கிள்” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு கிழமை முழுவதும் பழகினாள் என்று தாயார் பிறகு சொன்னார். அடுத்த சனிக்கிழமை முன்னையைவிடத் துப்புரவாக, ஓர் இடமும் தடக்காமல் வாசித்தாள். அப்போதும் சேரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது, நத்தாருக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. “இந்த முறை விடுவம் பிள்ளை. அடுத்த நத்தாருக்குப் பாப்பம்” என்றேன். அவள் கிளாரினெற்றை ஐந்து துண்டாகக் கழற்றித் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை அவள் கோயிலுக்குக் கொண்டுவரவேயில்லை.

சபையாரே, அந்தப் பிள்ளை ஒரு சுரம்கூடப் பிழையாக வாசிக்கவில்லை. தாளில் இருந்ததை இருந்தபடியே வாசித்தாள். பிழை என் தாளில் இருந்தது. அதை நான் அறிந்துகொள்ள ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கோயில் கதவுகள் மூடப்பட்டன. ஆராதனை சூமுக்குப் போனது. இசைக்குழுவும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சூமில் கூடியது. முதல் நாள் எல்லோரும் சேர்ந்து ஒரு கீர்த்தனை வாசித்துப் பார்த்தோம். பிள்ளைகளே, அது எப்படி இருந்தது தெரியுமா? பத்துப் பேர் பத்துப் பாட்டு வாசித்ததுபோல் இருந்தது. கிற்றார்த் தம்பி ஓர் அடி பின்னால், வயலின் இரண்டு அடி பின்னால். எல்லோரும் மற்றவருக்காகக் காத்திருந்து காத்திருந்து, பாட்டு தானாகவே நின்றுவிட்டது.

காரணம் இலகுவானது. காற்றில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகிறது. கோயிலில் எனக்கும் மிருதங்கத்துக்கும் இடையில் மூன்று மீற்றர்தான். அவர் தட்டும் தட்டு ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்குக்குள் என் காதுக்கு வந்துவிடும். சூமில் அதே தட்டு அவர் வீட்டு இணையம், எங்கோ இருக்கும் கணினிகள், என் வீட்டு இணையம் என்று சுற்றி வரும்போது செக்கனில் பத்தில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் மேலாகப் பிந்திவிடுகிறது. பேச்சுக்கு அந்தத் தாமதம் தெரியாது. தாளத்துக்குத் தெரியும். ஆகவே சூமில் சேர்ந்து வாசிக்க முடியாது. ஆனால் சேர்ந்து கதைக்கலாம்.

வேறு வழியில்லாமல் கதைக்கத் தொடங்கினோம். உண்மையைச் சொன்னால், அத்தனை ஆண்டுகளில் நாங்கள் ஒருவரோடு ஒருவர் கதைத்ததேயில்லை. “எந்தப் பாட்டு?” “எத்தனை சரணம்?” “வேகமா, மெதுவா?” இவ்வளவுதான் எங்கள் பேச்சு. பழகல் முடிந்தால் அவரவர் பெட்டியைப் பூட்டிக்கொண்டு குளிருக்குள் ஓடிவிடுவோம். இப்போது ஓடுவதற்கு இடம் இல்லை.

மெல்ல மெல்ல வெளியாரும் வந்து சேர்ந்தார்கள். மிருதங்க அண்ணாவின் மைத்துனர் நோர்வேயில் வயலின் வாசிப்பவர். இங்கே காலை பத்து மணி என்றால் அவருக்குப் பின்னேரம் நான்கு. யாழ்ப்பாணத்தில் இருந்து ஓர் ஐயா வந்தார். இளமையில் பாடசாலை பாண்ட் குழுவில் கிளாரினெற் வாசித்தவர். அவருக்கு அப்போது இரவு ஏழரை. சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து இருப்பார்.

முதலில் வந்த கேள்வி ஒரு தாயாருடையது. மகனின் வயலின் ஒவ்வொரு குளிர்காலமும் சுருதி நிற்கவில்லை. முறுக்கிகள் தாமாகக் கழன்றுவிடுகின்றன. தந்திதான் கூடாது என்று நினைத்து மூன்று முறை புதுத்தந்தி வாங்கியிருக்கிறார். நோர்வேக்காரர் சிரித்தார். “அக்கா, தந்தியில ஒண்டும் பிழையில்லை. உங்கட வீட்டுக் காத்துத்தான் காய்ஞ்சு போச்சு” என்றார். பிறகு விளக்கினார். குளிர்ந்த காற்றில் ஈரம் மிகக் குறைவு. அந்தக் காற்றை வீட்டுக்குள் எடுத்துச் சூடாக்கினால் இன்னும் வறண்ட காற்றாகிவிடும். மரம் சுருங்கும். முறுக்கி தன் துளையில் இறுக்கமாக இராது. கவனிக்காமல் விட்டால் வயலினின் மேற்பலகை, கிற்றாரின் மேற்பலகை வெடிக்கவும் கூடும். அறையின் ஈரப்பதன் 40 முதல் 60 வீதத்துக்குள் இருந்தால் மரவாத்தியத்துக்கு நல்லது. ஆகவே ஈரமூட்டும் கருவி ஒன்று வைக்க வேண்டும். வாசித்து முடித்ததும் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும். சூட்டுக்காற்று வரும் வாயிலுக்குப் பக்கத்திலும் காருக்குள்ளும் விட்டுவைக்கக் கூடாது. அந்தத் தாயார் தலையில் கை வைத்தார். “இதை முதலே ஒருதரும் சொல்லேல்லையே!” என்றார். நாங்களும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் எங்களிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரே வரிசையில்தான் நின்றோம்.

அந்தத் தாயார்தான் கிளாரினெற் பிள்ளைக்கும் தாயார். இரண்டு கிழமை கழித்து அவர் தன் மகனின் புது ஈரமூட்டியைக் காட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் வேறோர் அறையில் இருந்து கிளாரினெற் சத்தம் கேட்டது. பாடசாலைக்காக அவள் வீட்டில் தொடர்ந்து பழகிக்கொண்டுதான் இருந்தாள்.

யாழ்ப்பாணத்து ஐயா காதைத் தீட்டிக்கொண்டார். “அது ஆர் பிள்ளை கிளாரினெற் வாசிக்கிறது?”

“மகள் ஐயா. ஆனா கோயில்ல வாசிக்கிறேல்லை. அவளுக்குச் சுருதி சேரேல்லையாம்.”

“இவ்வளவு வடிவா வாசிக்கிற பிள்ளைக்கு ஏன் சேராது? அவவின்ர கையில இருக்கிறது பி பிளாற் கிளாரினெற்றோ? ஒருக்காக் கூப்பிடுங்கோ.”

அவள் வந்து நின்றாள். ஐயா, “பிள்ளை, உம்மட சி-யை நீட்டி ஊதும்” என்றார். ஊதினாள். பிறகு என்னிடம், “தம்பி, இப்ப நீர் கீபோர்ட்டில பி பிளாற்றை அமத்தும்” என்றார். அமத்தினேன். இரண்டும் ஒரே சுரம்.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் கீபோர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளே, உங்களில் பலர் பாடசாலை பாண்ட் குழுவில் இருக்கிறீர்கள். இதைக் கவனமாகக் கேளுங்கள். புல்லாங்குழல், வயலின், கீபோர்ட் மூன்றும் தாளில் சி என்று கண்டால் சி-யையே தரும். பாடசாலையில் கொடுக்கும் கிளாரினெற்றும் ட்ரம்பெற்றும் சி என்று கண்டு வாசித்தால், கேட்பவர் காதுக்கு வருவது கீபோர்ட்டின் பி பிளாற். ஒரு முழுச்சுரம் கீழே. ஆல்ற்றோ சாக்சஃபோன் இன்னொரு விதம். அதில் சி வாசித்தால் வருவது ஈ பிளாற். இது வாத்தியத்தின் குறை அல்ல. இந்த வாத்தியங்கள் பெரிதும் சிறிதுமாகப் பல அளவுகளில் செய்யப்படுகின்றன. ஓர் அளவில் விரல் வைக்கப் பழகியவர் இன்னோர் அளவை எடுத்தாலும் அதே விரல் வைப்பு அதே எழுத்துக்கு வர வேண்டும் என்று, வாசிப்பவரின் வசதிக்காக அப்படி எழுதி வைத்தார்கள். ஆகவே கீபோர்ட் சி வாசிக்கும்போது கிளாரினெற் டி வாசிக்க வேண்டும். தாளை ஒரு முழுச்சுரம் ஏற்றி எழுதிக் கொடுத்தால் முடிந்தது. பத்து நிமிட வேலை.

அந்தப் பத்து நிமிட வேலை தெரியாததால் ஒரு பிள்ளை, “எனக்குச் சங்கீதம் வராது” என்று இரண்டு ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தாள். எனக்குக் கீபோர்ட் தெரியும். கிளாரினெற் தெரியாது. தெரியாது என்பது பிழை அல்ல. “பிள்ளை, உம்மட கையில இருக்கிறது என்ன வாத்தியம்? அது எப்பிடி வேலை செய்யும்?” என்று கேளாமல் “சேரேல்லை” என்று தீர்ப்புச் சொன்னதுதான் பிழை. அன்றைக்கே எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை அங்கிள்” என்றாள். பரவாயில்லை என்பது அவளுடைய நல்ல மனம். எனக்கு அது இன்றைக்கும் பரவாயில்லாத காரியம் அல்ல.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எங்கள் கதை வேறு விதமாகப் போனது. ஒவ்வொருவரையும் கேட்கத் தொடங்கினோம். நாங்கள் அதிகமாக வாசிக்கும் பாட்டுகள் ஈ சுருதியில் இருந்தன. ஏன் ஈ என்று கேட்டோம். கிற்றார்த் தம்பி, “எனக்கு அதுதான் சுகம்” என்றார். கிளாரினெற் பிள்ளை கணக்குப் பார்த்துவிட்டு, “அங்கிள், அது எனக்கு எஃப் ஷார்ப். ஆறு ஷார்ப் வரும்” என்றாள். மிருதங்க அண்ணா, “நீங்க என்ன எழுத்துச் சொல்லுறியளோ எனக்குத் தெரியாது. எனக்கு அது மூண்டு கட்டை. அவ்வளவு கீழ இறக்கினா என்ர மிருதங்கத்தின்ர தோல் தளர்ந்து போகுது. நாதமே இல்லை” என்றார்.

ஈ, எஃப் ஷார்ப், மூன்று கட்டை. மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். மூன்றும் ஒரே ஒலி. ஒரே ஒலிக்கு மூன்று பெயர் வைத்துக்கொண்டு, ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல் பல ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறோம்.

“அரைச்சுரம் ஏத்தி எஃப்-இல வாசிச்சா என்ன?” என்று கேட்டார் ஐயா. கிற்றார்த் தம்பி கேப்போவை எடுத்துக் கழுத்தின் முதற்கட்டத்தில் மாட்டினார். கை பழைய இடத்திலேயே இருந்தது, ஒலி எஃப் ஆனது. கிளாரினெற்றுக்கு அது ஜி. ஆறு ஷார்ப் இருந்த இடத்தில் ஒரே ஒரு ஷார்ப். மிருதங்க அண்ணாவுக்கு நான்கு கட்டை. “இது போதும். தோல் பேசும்” என்றார். “இத்தனை வரியம் ஏன் அண்ணை சொல்லேல்லை?” என்று கேட்டேன். “நீங்க கேக்கேல்லையே” என்றார்.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாடகர் குழுவில் இரண்டு அன்ரிமார், “எங்களுக்கு மேற்சுரம் எட்டாது” என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம். தொண்டையும் ஒரு வாத்தியம்தானே. இரண்டு பாட்டுகளை ஈ பிளாற்றுக்கு இறக்கினோம். அந்த இரண்டு பாட்டுக்கும் மிருதங்கத்தை ஓரமாக வைத்துவிட்டு அண்ணா கஞ்சிரா எடுத்துக்கொண்டார். ஒருவர் ஏற, ஒருவர் இறங்க, ஒருவர் வாத்தியம் மாற்ற, அப்படித்தான் ஓர் இடத்துக்கு வந்தோம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல. உலகத்து வாத்தியக்காரர் எல்லோருமே இப்படிக் கதைத்துத்தான் ஓர் இடத்துக்கு வந்திருக்கிறார்கள். இன்று கீபோர்ட்டில் நடு ஏ சுரத்தை அமத்தினால் செக்கனுக்கு 440 அதிர்வு. ரொறன்ரோவிலும் அதுதான், யாழ்ப்பாணத்திலும் அதுதான். ஆனால் முன்னர் அப்படி இருக்கவில்லை. ஹாண்டெல் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் சுருதிக்கவை 422.5 அதிர்வு காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டில் சில நகரங்களில் அதே சுரம் 450ஐயும் தாண்டியது. ஊருக்கு ஊர் வேறு. பாடகர்களுக்குத் தொண்டை நொந்தது. 1859இல் பிரான்ஸ் அரசு இசையறிஞர்களையும் அறிவியலாளரையும் ஒரு குழுவாக இருத்தி, 435 என்று முடிவு செய்தது. 1939இல் லண்டனில் பல நாட்டார் கூடிப் பேசி 440ஐப் பரிந்துரைத்தார்கள். இன்று நாம் ஒரு பொத்தானை அமத்தி வாத்தியத்தைச் சுருதி சேர்க்கிறோமே, அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை பேர் மேசையைச் சுற்றி இருந்து வாதாடியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வயலினைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பிய வித்துவானிடம் வயலின் கற்றார். கற்றதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. அதில் நம் கர்நாடக இசையை வாசித்தார். இன்று நம் வித்துவான்கள் சம்மணமிட்டு இருந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி, தந்திகளைச் ச, ப, ச, ப என்று சேர்த்து வாசிக்கிறார்கள். மேல்நாட்டு வயலின்காரர் நின்றுகொண்டு ஜி, டி, ஏ, ஈ என்று சேர்க்கிறார். பெட்டி ஒன்றுதான். இரண்டு வாத்தியக்காரர் சந்தித்துப் பேசியிராவிட்டால் இந்த வாத்தியம் நமக்கு வந்திருக்காது.

நம் முன்னோரில் ஒருவரையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர், 1859 முதல் 1919 வரை வாழ்ந்தவர். கிறிஸ்தவர். ஆசிரியராக இருந்து, பின்னர் சித்த மருத்துவரானவர். 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தி, தன் கைப்பணத்தைச் செலவு செய்து வித்துவான்களைத் தஞ்சாவூருக்கு அழைத்து மாநாடுகள் நடத்தினார். ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதி என்பது அங்கே பெரிய கேள்வி. 22 என்பது பலர் கொள்கை, 24 என்பது அவர் கொள்கை. 1916இல் பரோடாவில் நடந்த இசை மாநாட்டுக்கும் போய்த் தன் கருத்தை எடுத்துச் சொன்னார். 1917இல் “கருணாமிர்த சாகரம்” என்ற பெருநூலை வெளியிட்டார். அவர் சொன்ன எண்ணை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் தன்னோடு உடன்படாதவர்களையும் தன் செலவிலேயே அழைத்து, சாப்பாடு போட்டு, உட்கார வைத்துக் கதைத்தாரே, அந்தப் பெருந்தன்மையை யாரும் மறுக்க முடியாது. நாங்கள் ஒரு கோயிலுக்குள் ஒரே பக்கத்தில் நின்றுகொண்டு கதைக்காமல் இருந்தோம்.

வேதத்திலும் இதற்கு ஓர் இடம் உண்டு. வீட்டுக்குப் போய் 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். தாவீதின் காலத்தில் ஆலயப் பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் பயிற்சி பெற்றவர்கள் 288 பேர் என்று அங்கே கணக்கு இருக்கிறது. அவர்களுடைய முறைக்காகச் சீட்டுப் போட்டபோது பெரியவர், சிறியவர் என்றோ, ஆசான், மாணாக்கன் என்றோ வேறுபாடு பார்க்கவில்லை என்றும் இருக்கிறது. பல ஆண்டுகள் அந்த அதிகாரத்தைப் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது அந்த இடம் வரும்போது நின்றுவிடுகிறேன். ஆசானுக்கும் மாணாக்கனுக்கும் ஒரே சீட்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த ஒன்று கீபோர்ட் அங்கிளுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

கதை என்றால் எல்லாக் கதையும் நல்லதல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சூம் கூட்டத்திலும் சில நாள் யாருடைய கீபோர்ட் விலை கூட, யார் எந்தக் கம்பனிக் கிற்றார் வாங்கினார் என்று ஒரு மணித்தியாலம் போயிருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் தங்கள் பாடசாலை வாத்தியத்தை மடியில் மறைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் ஒருவர் இன்னொருவரின் பழைய பிழையை எடுத்துப் பேசி, அவர் இரண்டு மாதம் வரவில்லை. இன்னொன்று, கதைத்துக் கதைத்தே பழகாமல் விடுகிற ஆபத்து. யாழ்ப்பாணத்து ஐயா ஒவ்வொரு கிழமையும் முடிவில், “சரி, கதைச்சது காணும். இப்ப போய்ப் பழகுங்கோ” என்று சொல்லித்தான் விடைபெறுவார். விரல் செய்ய வேண்டிய வேலையை வாய் செய்யாது. ஆனால் விரல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை ஒரு நல்ல கேள்வி காட்டிவிடும்.

பிள்ளைகளே, உங்களுக்கு மூன்று காரியம் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் வாத்தியத்தைப் பற்றி நீங்கள்தான் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். அது எந்தச் சுருதி, எது இலகு, எது கஷ்டம், எங்கே மூச்சு விட வேண்டும். பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். தெரியாது. நான் அதற்குச் சாட்சி.

இரண்டாவது, பக்கத்தில் நிற்பவரின் சுரம் சேராவிட்டால் “பிழை” என்று சொல்ல அவசரப்படாதீர்கள். “உங்கட தாளில என்ன இருக்கு?” என்று கேளுங்கள். பத்துக்கு ஐந்து முறை பிழை ஆளிடம் இராது, தாளில் இருக்கும்.

மூன்றாவது, ஒருவர் உங்களைப் பார்த்துச் சேரவில்லை என்று சொன்னால், பெட்டியைப் பூட்டுமுன் ஏன் என்று கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

பெற்றோருக்கும் பெரியோருக்கும் ஒன்று. ஒரு பிள்ளை எதையாவது தூக்கிக்கொண்டு வந்து “நானும் வாசிக்கலாமோ?” என்று கேட்கும்போது, அது வாத்தியத்தை மட்டும் கொண்டுவரவில்லை. இந்தச் சபையில் தனக்கு ஓர் இடம் உண்டா என்று கேட்கிறது. தமிழ் சரியாக வராத பிள்ளையும், ஞானப்பாட்டின் எழுத்தைக் கூட்டி வாசிக்கக் கஷ்டப்படும் பிள்ளையும், வாத்தியத்தோடு வந்தால் நம்மோடு சேர்ந்து நிற்கலாம். அந்தக் கதவைத் தெரியாத்தனத்தால் மூடிவிடக் கூடாது. நான் மூடினேன். கர்த்தரின் கிருபையால், கோயில் மூடியிருந்த காலத்தில் அது திறந்தது.

கோயில் திறந்த பிறகும் ஊதும் வாத்தியத்துக்கும் பாட்டுக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. பொறுத்திருந்தோம். 2022 நத்தார் ஆராதனையில் அந்தப் பிள்ளை தன் கிளாரினெற்றோடு நின்றாள். பக்கத்தில் ட்ரம்பெற்றோடு இரண்டு தம்பிமார். யாழ்ப்பாணத்து ஐயா அங்கே நள்ளிரவு ஆன பிறகும் நித்திரை கொள்ளாமல் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் பலர் அன்று கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். என்ன நடந்தது என்று அப்போது உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் வந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். புதுப்பிள்ளை ஒன்று பெட்டியோடு வந்தால் அவள் முதலில் “வாசியும்” என்று சொல்வதில்லை. பெட்டியைத் திறக்கச் சொல்லி, “இது என்ன? எனக்கும் காட்டும்” என்கிறாள். நான் கீபோர்ட்டுக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் பாட்டுத் தாள்களும் மாறிவிட்டன. ஒவ்வொரு பாட்டின் தலைப்புக்குக் கீழும் இப்போது மூன்று பெயர்கள் இருக்கின்றன. கீபோர்ட்டுக்கு ஒன்று, கிளாரினெற்றுக்கும் ட்ரம்பெற்றுக்கும் ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று. சனிக்கிழமைப் பழகலில் முதல் அரை மணித்தியாலம் ஒருவரும் வாத்தியத்தைத் தொடுவதில்லை. தேநீரை வைத்துக்கொண்டு கதைப்போம். நோர்வேக்காரரும் யாழ்ப்பாணத்து ஐயாவும் திரையில் வந்துவிடுவார்கள். வாத்தியம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், அலமாரிக்கு மேல் ஒரு பழைய வயலினைத் தூசி பிடிக்க வைத்திருப்பவர்கள், எல்லோரும் வாருங்கள். காலை பத்து மணி, கீழ் மண்டபம்.

இருபத்தைந்து ஆண்டுகள் இந்தச் சபையைப் பாட வைத்த தேவன், இனி வரும் ஆண்டுகளிலும் நம்மை ஒருவரை ஒருவர் கேட்கிற மக்களாக வைத்துக் காப்பாராக. ஆமென்.